மூன்றாவது வழியனுப்பு

கூடத்துச் சுவரிலிருந்து ஃப்ரேமைக் கழற்றியபோது ஆணியும் சேர்ந்து வந்துவிட்டது. ஆஸ்ட்ரிட் ஆணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஃப்ரேமைச் சோபாவில் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்குள் அறுபத்து நான்காம் எண் பச்சை ஜெர்சி. அதை அவள் தினமும் பார்க்கிறாள். பின்பக்கத்தை இன்றுதான் பார்த்தாள். பழுப்புக் காகிதம், ஒரு கீறல்கூட இல்லாமல், ஒட்டிய அன்று இருந்தபடியே இருந்தது.

கல்லூரி அலுவலகத்துப் பெண் நேற்று தயங்கித் தயங்கித்தான் போனில் கேட்டாள். ஆஸ்ட்ரிட்டின் கணவன் ரோலனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்தாயிற்று. அதே சட்டை, அதே எண். பழையதையே கொண்டுவந்தால் மைதானத்தில் வைத்து மறுபடி கொடுத்துவிடுவார்களாம். ஆஸ்ட்ரிட் சிரித்துவிட்டாள்.

அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, படிப்பு முடிந்து போகிற ஆட்டக்காரர்களைக் குடும்பத்தோடு மைதானத்தின் நடுவுக்கு அழைத்து வழியனுப்புவது இங்கே வழக்கம். அம்மாவுக்குப் பூங்கொத்து, பிள்ளைக்குச் சட்டம் போட்ட ஜெர்சி. ஆட்டம் முடிந்ததும் அணியின் முன்வரிசையில் ஆடும் பையன்கள் ஃப்ரேமைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் மார்க்கரால் எழுதுவார்கள். வசவு, கேலி, சில சமயம் ஒரு நல்ல வார்த்தை. ரோலன் மட்டும் இரண்டு முறையும் எழுத விடவில்லை. “இன்னும் போகலையேடா” என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். போகவுமில்லை. ஒருவன் நான்கு பருவம்தான் ஆடலாம் என்பது விதி. முதல் வருடம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பெருந்தொற்று வருடம் யாருக்குமே கணக்கில் சேரவில்லை, முழங்கால் இரண்டு பருவங்களை விழுங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஈடாக மனுப் போட்டு இன்னொரு பருவம் வாங்கியதில், இருபத்தைந்து வயதில் ஏழாவது பருவம் ஆடிக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை எட்டாவதற்கும் அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதே திங்கட்கிழமை தொலைவிலுள்ள துலூத் நகர மருத்துவமனைக்கு ஆஸ்ட்ரிட் பதில் சொல்லியாக வேண்டும். குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை. போன வருடம் அவன் ஆட்டத்துக்காக அவள் மறுத்த வேலை, இந்த வருடம் அவர்களே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அனுமதிக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ரோலன், “நீயே சொல்லு” என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது. அவன் ஆட்டத்தை முடித்துவைக்கிறவளாக அவள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். பத்து வருடம் கழித்து, டிவியில் ஏதோ ஒரு ஆட்டத்தைப் பார்த்தபடி அவன் மௌனமாகிற ஒவ்வொரு முறையும், அந்த மௌனத்துக்கு அவள் பொறுப்பாக வேண்டும்.

மைதான வாசலில் மாமியார் லொரெய்ன் காத்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று வருடமாக இந்த நாளுக்கு அதே சிவப்புக் கோட்டு.

“மூணு தடவை வழியனுப்பியும் போகாத விருந்தாளிய இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் பேத்தி மேவை வாங்கிக்கொண்டே. “போன தடவை குடுத்த பூவைக் காய வச்சிருக்கேன். கேட்டா அதையும் கொண்டாந்திருப்பேன்.”

ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னதும் மாணவர்கள் பகுதி முழுக்க “பெருசு! பெருசு!” என்று கத்தியது. ரோலன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழவனைப்போல இரண்டடி நடந்து காட்டினான். பயிற்சியாளர் ஆஸ்ட்ரிட்டின் கையிலிருந்து ஃப்ரேமை வாங்கி அவனிடம் கொடுத்தார். அவன் அதைத் திரும்ப அவளிடமே கொடுத்தான். நாலாயிரம் பேர் சிரித்தார்கள். வெட்கப்படுவோம் என்று நினைத்து வந்தவளுக்கு, வெட்கமே வரவில்லை.

கடைசிக் கால் பகுதியில் பனி தூறத் தொடங்கியது. ரோலனின் அணி மூன்று புள்ளி முன்னால். இன்னும் இரண்டு கஜம் முன்னேறினால் பந்து இவர்கள் கையிலேயே இருக்கும், கடிகாரம் ஓடி முடிந்துவிடும். ரோலன் பந்தின்மேல் குனிந்தான். கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுப்பது அவன் வேலை. கொடுத்த கணமே எதிரே நிற்பவன் அவன்மேல் விழுவான். எல்லார் கண்ணும் பந்தோடு போய்விடும், யாரும் அவனைப் பார்ப்பதில்லை. ஆஸ்ட்ரிட் அவனை மட்டுமே பார்த்தாள். குனிந்தவன் நிமிர்ந்தான். எதிர்வரிசையில், தனக்கு இடது ஓரத்தில் நின்ற ஒருவனுடைய பாதத்தைப் பார்த்தான். திரும்பி, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜடேனிடம் இரண்டே வார்த்தை. ஜடேனுக்குப் பத்தொன்பது வயது. அவன் கேள்வி கேட்காமல் தலையாட்டி, வரிசை முழுவதையும் மாற்றினான். பந்து வலப்பக்கம் போயிற்று. இடது ஓரத்துக்காரன் வெற்று இடத்தில் பாய்ந்து விழுந்தான். மூன்று கஜம். அவ்வளவுதான்.

முழங்கால் நன்றாக இருந்த இருபது வயதில் அவனுக்கு அது தெரிந்திருக்காது. இவ்வளவு நாளும் அவன் எதையோ விட மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அப்படியில்லை. அவன் தன் வேலையில் தேறிவிட்டான். ஊசி ஏறாத பிஞ்சுக் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கும்போது அவளுக்குள்ளே ஒரு அமைதி வரும். அதே அமைதிதான் அவன் முதுகிலும் தெரிந்தது. தன் அமைதியை இனி யாருக்காகவும் தள்ளிப்போட வேண்டாம் என்பதும் அந்த நிமிடத்திலேயே அவளுக்குத் தெளிவாயிற்று.

ஆட்டம் முடிந்து, தலை ஈரமாக அவன் காரருகே வந்ததும் சொன்னாள்.

“திங்கட்கிழமை துலூத்துக்கு வரேன்னு சொல்லப்போறேன். நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி.”

அவன் காருக்குள் பார்த்தான். லொரெய்னின் மடியில் மேவ் தூங்கிக்கொண்டிருந்தாள். “மேவ்?”

“என்கூட. நீ ஆடினா ஆட்டத்துக்கெல்லாம் கூட்டிட்டு வரேன். மூணு மணி நேரந்தானே.”

“கோவமா?”

“வியாழக்கிழமை இருந்துச்சு. இப்ப இல்ல.” அவன் காதிலிருந்த பனியைத் துடைத்துவிட்டாள். “அந்த இடது ஓரத்துப் பய கால்ல என்ன பாத்தே?”

ரோலன் அவளையே பார்த்தான். மெல்லச் சிரிப்பு பரவியது. “பாத்தியா நீ? குதிகால் தரையில படல. வரப்போறான்னு தெரிஞ்சுது.”

“நான் பாத்தேன். ஆனா, போதுமா போதாதான்னு என் வாயால வராது ரோலன். அது உன் வேலை.”

அவன், வெகுநேரம் வேறொருவர் சுமந்த தன் பையைத் திரும்ப மாட்டிக்கொண்டவனைப்போல, தோளைச் சற்று நிமிர்த்தி நின்றான்.

முன்வரிசைப் பையன்கள் நாலைந்து பேர் அந்த வழியாக வந்தார்கள். முன்னால் ஜடேன். “என்ன பெருசு, அடுத்த வருஷமும் இந்த ஃப்ரேமைத் தூக்கிட்டு வரணுமா? பாவம், அதுக்கே வயசாயிடுச்சு.”

ரோலன் ஃப்ரேமை எடுத்து கார் பானெட்டின்மேல் கவிழ்த்து வைத்தான். இரண்டு முறையும் யாரையும் எழுத விடாத பழுப்புக் காகிதத்தில் பனித்துகள் விழுந்தது. உள்ளங்கையால் துடைத்தான். மறுபடி விழுந்தது. மறுபடி துடைத்தான். பையன்கள் நெருங்கி வந்து நின்றார்கள். பார்க்காமலே அவன் கையை நீட்ட, ஜடேன் மார்க்கரை வீசினான். ஒரே கையால் பிடித்தான்.

ஆஸ்ட்ரிட் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். காலையில் போட்ட ஆணி விரலில் தட்டுப்பட்டது, சில்லென்று. மூடி கழற்றாத மார்க்கரை ரோலன் விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தான். குனிந்திருந்தான், பந்தைக் கொடுப்பதற்கு முன் குனிவதைப்போல.