தாழ்ப்பாள்

மணி அடிக்கும்வரை எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. அறிவுரை சொல்லக் கூடாது. "எல்லாம் சரியாப் போயிடும்" என்று வாய் தவறிச் சொன்னாலும் மதிப்பெண் போச்சு. சக மாணவர்களின் கஷ்டத்துக்குக் காது கொடுக்க வகுப்புக்கு ஒரு தோழமைத் தலைவர் வேண்டும் என்று பள்ளி முடிவு செய்திருந்தது. கூடத்தின் நடுவே எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒருவர் துயரப்படுபவராக நடிக்க, மற்றவர் கேட்க வேண்டும். பதினோராம் வகுப்பிலிருந்து கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள் ஊமைக்கோட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருப்பவளுக்கு வகுப்பே வைத்த பெயர் அது. பேசாமல் இருப்பதையும் ஒரு தகுதி என்று யாரோ சொன்னது அவள் வாழ்க்கையில் இதுவே முதல் முறை. அந்தப் பதவி அவளுக்கு வேண்டும்.

நடிக்க வந்தவள் அவளுடைய உயிர்த்தோழி வாயாடி. அவள் உட்காருவதற்குள்ளேயே கூடம் சிரிக்கத் தயாராகிவிட்டது.

"கணக்குல முட்டை வாங்கிட்டேன்," என்று மூக்கை உறிஞ்சினாள் வாயாடி. "வாங்குறது ஈசிதான். வீட்டுக்குக் கொண்டு போய் அடை காக்குறதுதான் கஷ்டம்."

விளையாட்டு வாத்தியாரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன் படிக்க முடியல?" என்று கோட்டான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"தூக்கமே இல்ல. என் ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல. கழட்டிட்டாங்க. மேசைய இழுத்துக் கதவுக்குக் குறுக்கப் போட்டுட்டு அது மேலயே உக்காந்திருப்பேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். போன வாரம் புத்தகம் வாங்க வாயாடியின் வீட்டுக்குப் போனபோது அந்தக் கதவைக் கோட்டான் பார்த்திருந்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி பிடுங்கிய ஓட்டைகள். துருப்பிடித்துவிட்டது, சித்தப்பா புதிதாக மாட்டித் தருவார் என்று வாயாடி முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வேலை போனதிலிருந்து அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் சித்தப்பா, "வாம்மா" என்று சிரித்தபடி நடையில் நின்றிருந்தார். அப்போது எதுவும் தோன்றவில்லை. இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"யாரு கழட்டினாங்க?" கோட்டான் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

வாயாடி அவளை நேராகப் பார்த்தாள். உதட்டில் மட்டும் சிரிப்பு இருந்தது. "வீட்டுல இருக்கறவங்கதான். அம்மாகிட்ட சொன்னேன். ஏதாவது கனவு கண்டிருப்பேன்னாங்க."

மணி அடித்தது. கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. வாயாடி எழுந்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணக்கம் போட்டாள்.

"அடேயப்பா, அழ வெச்சுட்டாளே!" என்று தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேர்வு நடத்திய ஆலோசகர் மிஸ், கோட்டானிடம் திரும்பினார். "நிஜமாவே ஒருத்தி வந்து இப்படிச் சொன்னா அடுத்து என்ன பண்ணுவே?"

நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வேன். எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்தான். சொன்னால் பதவி கிடைக்கும். எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போவார்கள். வாயாடியும் வீட்டுக்குப் போவாள். மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் வாயாடி வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். உண்மையைச் சொன்னால் வாயாடி இனி தன்னோடு பேசவே மாட்டாள். சித்தப்பாவின் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ. யாரும் நம்பாவிட்டால்? கோட்டான் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மிஸ், அவ நடிக்கல."

"பார்றா, இவளும் ஆரம்பிச்சுட்டா!" என்றது ஒரு குரல்.

"நான் அந்தக் கதவைப் பாத்திருக்கேன் மிஸ்!" கோட்டான் கத்தியதை அந்தப் பள்ளி அன்றுதான் கேட்டது.

"லூசு, சும்மா இருடி," என்று வாயாடி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

மிஸ் பேனாவை மூடினார். இருவரையும் பக்கத்திலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். வாசலில் வாயாடி நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக சித்தப்பாதான் வராரு மிஸ். இந்நேரம் ஸ்கூல் வாசல்ல நிப்பாரு."

"நிக்கட்டும்," என்றார் மிஸ்.

வாயாடி கடைசியாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கோட்டானின் பக்கம் திரும்பவே இல்லை. கையை உயர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை, பலமாக.