கதவு யாருது, சுவரு யாருது

ஊட்டுல குடியிருக்கறவ நான். மரம் சாஞ்சா மண்டை ஒடையறது எனக்கு. காசு மட்டும் பெங்களூர்ல குந்தியிருக்கற என் தங்கச்சி பிரிஸ்கில்லாவுக்குன்னா எவளுக்குத்தான் வயிறு எரியாது?

"கோவிச்சுக்காதீங்கக்கா, சட்டம் அப்படிங்க," ன்னான் மெல்வின். நம்ம கோயில் பையன்தான், ஒண்டிக்கடை முக்குல ஆபீஸ் போட்டு இன்சூரன்ஸ் புடிக்கறான். போன மழைக்கு எங்க கிளியூர்ல ரெண்டு ஊட்டு மேல சில்வர் ஓக் மரம் விழுந்துச்சு. எங்க ஊட்டு ஓரத்துலயும் ஒண்ணு சாஞ்சு நிக்குது. எஸ்டேட் மரம், வெட்ட உடமாட்டேங்கறாங்க. அதனாலதான் நானே அவனக் கூப்புட்டேன். வந்தவன் மொதல்ல பத்திரத்தக் கேட்டான். பத்திரம் பிரிஸ்கில்லா பேருல.

"கட்டடத்துக்கு ஓனருதான் போடணுங்க. ஏதாச்சும் ஆனா பணமும் அவங்களுக்குத்தான் வரும். உள்ள இருக்கற உங்க சாமானுக்கு வேணா உங்க பேருல போடலாங்க."

"நான் இத்தன வருசமா இங்கயே கெடக்கறனே?"

"குடியிருந்தா ஓனரு ஆயிடுவீங்களாக்கா?"

கேட்டானே ஒரு கேள்வி! போட்டு வெச்ச காப்பிய அவனுக்குக் குடுக்கவே மனசு வரல.

எங்கப்பா ஸ்தனிஸ்லாஸ் எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரா இருந்தவரு. மூத்தவளுக்குப் புருசன் ஊடு இருக்குதுன்னு சொல்லி இத சின்னவளுக்கு எழுதிட்டாரு. அப்புறம் என் புருசன் போயிட்டாரு, நான் இங்கயே திரும்பி வந்துட்டேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊத்துனது, குளிப்பாட்டுனது, ராத்திரி முழுக்க முதுகத் தடவி உட்டது எல்லாம் இந்த மரியபுஷ்பம். பத்திரம் மட்டும் மகாராணிக்கு. அவ கார்ல வந்து எறங்குறப்ப அந்தச் சுடிதாரப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எனக்கு இருந்த பயம் ஒண்ணே ஒண்ணுதான். ஓடு ஒடைஞ்சு பணம் அவ கைக்குப் போனா, அவ எதுக்குத் திருப்பிக் கட்டுவா? நான் எங்க போவேன்?

"கட்டடம்னா எது, சாமான்னா எது?" ன்னு கேட்டேன்.

"சுவத்தோட சேந்திருந்தா கட்டடங்க. தூக்கிட்டுப் போக முடிஞ்சா சாமானுங்க," ன்னு செல்போனப் பாத்துக்கிட்டே சொன்னான். "நாள கழிச்சு வந்து சாமான போட்டோ எடுத்துக்கறேங்க."

அது போதும் எனக்கு. மறுநாளே ஆசாரி சின்னசாமியக் கூட்டியாந்தேன். ஃபேனக் கழட்டு, குழாயக் கழட்டு, ஜன்னல் கதவக் கழட்டு, வாசக் கதவயும் கழட்டுன்னேன். நல்ல தேக்கு. அவளுக்கு எதுக்கு தேக்கு? சுவரு இருக்கட்டும் அவளுக்கு, நக்கட்டும்.

"ஏனுங்கம்மா, ஊடு மாறிப் போறீங்களா?" ன்னான் சின்னசாமி.

"சொன்னதச் செய் சாமி," ன்னேன்.

எல்லாத்தையும் முன்னால ரூம்புல அடுக்கினேன். சாயங்காலம் பனி தொறந்த ஜன்னல் வழியா பொகையாட்டம் உள்ள பூந்துருச்சு. ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு பல்லு அடிக்க உக்காந்திருந்தேன். ஆனா நொம்ப சந்தோசமா உக்காந்திருந்தேன்.

மெல்வின் சொன்ன நாளுக்கு வந்தான். பாத்துட்டுத் தலையில கைய வெச்சுக்கிட்டான்.

"அய்யோ அக்கா! கழட்டி வெச்சாலும் கதவு கட்டடத்தோடதுதாங்க!"

"நீதானடா தூக்கிட்டுப் போனா சாமான்னே?"

"அதுக்குன்னு இப்படியாங்க?"

என்னைக் கேக்காமயே வெளிய போயி பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டுட்டான், எட்டப்பன்.

அடுத்த நாள் மத்தியானமே கார் வந்து நின்னுச்சு. அவ வாசல்லயே நின்னு ஃபேனப் பாத்தா, கதவப் பாத்தா, ஓட்டையா நின்ன ஜன்னலப் பாத்தா. பின்னால மெல்வின் பேக்க மாட்டிக்கிட்டுத் திருட்டு முழி முழிச்சான்.

"போறியாக்கா?" ன்னா. மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு.

"போனா உனக்கு இனிக்குமே! ஹோம்ஸ்டே போட்டு சம்பாதிக்கலாமே!"

அவ சண்டைக்கு வருவான்னு இடுப்புல முந்தானையச் சொருகிக்கிட்டு நின்னேன். அவ என்னடான்னா வாசப்படியில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா.

"உனக்கென்னக்கா கொறச்சல்? அப்பா உன் கையப் புடிச்சுக்கிட்டே போனாரு. நான் வந்து சேந்தப்ப பெட்டிய மூடிட்டாங்க. எனக்குக் காயிதந்தான் குடுத்தாரு. ஒவ்வொரு தடவ வர்றப்பவும் ஏரிக்கிட்ட லாட்ஜுல தங்கறேன். ஊட்டுல படுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பியா நீ? உன்ன நெனச்சா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

என்னப் பாத்தா? பொறாமையா? இந்த நைஞ்ச சீலையப் பாத்தா? சொருகின முந்தானைய உருவி உட்டேன். கொஞ்சம் இனிக்கவும் செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன்.

மூக்கச் சிந்திட்டு அவளே மெல்வினக் கூப்புட்டா. "கட்டடத்துக்கு என் பேருல போடுப்பா."

"யாரு குடியிருக்கறாங்கன்னு எழுதணுங்க."

"எங்கக்கா. அவ உசுரோட இருக்கற வரைக்கும் அவதான். ஓடு விழுந்தா அவளுக்குத்தான் திருப்பிக் கட்டுவேன்னு எழுது."

"அதெல்லாம் எழுத இதுல எடமில்லீங்க."

"அப்ப நீ காதுல வாங்கிக்க. நாளைக்கு நான் மாத்திப் பேசுனா நீதான் சாட்சி."

அவன் என்னப் பாத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"உள்ள உங்க சாமான் ஏதாச்சும் இருக்குதுங்களா?" ன்னு அவளக் கேட்டான்.

"ஒரு துணிகூட இல்லப்பா. எல்லாம் அக்காளோடது."

அவன் போனப்ப பனி எறங்கிருச்சு. கதவத் திருப்பி மாட்ட சின்னசாமி காலையிலதான் வருவான். பிரிஸ்கில்லா கார் சாவியக் கையில உருட்டிக்கிட்டே வெளிய நின்னா.

"இன்னிக்கு இங்க படுத்துக்கட்டுமாக்கா?"

ஊட்டுக்காரி என்னக் கேக்கறா! ஒடனே பதில் சொல்லுவனா நான்? கம்பளிய ஒரு தடவ ஒதறினேன், மடிச்சேன், மறுபடி ஒதறினேன். அவ நின்னுக்கிட்டே இருந்தா, குளிருல தோளு ரெண்டும் ஒடுங்கிப் போயி.

"கதவே இல்லாத ஊட்டுக்கு எவடி வெளிய நின்னு கேப்பா? வந்து தொல. ஆனா அப்பா கட்டில்ல நான்தான் படுப்பேன், சொல்லிட்டேன்."

"சரிக்கா," ன்னு செருப்ப வெளியவே கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்தா.