மேடத்துக்கு ஊர் காட்டிய இரண்டு நாள்

சிங்கப்பூரிலிருந்து சதீஷ் வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலை அவன் மனைவி மாலதி பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்து வைத்திருந்தாள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கல் காலைப் பதம் பார்த்துவிடும். மேடம் பாட்டில் தண்ணீர்தான் குடிப்பார். குழம்பில் காரம் பாதி. தலையாட்டி பொம்மையை முதல் கடையிலேயே வாங்கிவிடக் கூடாது. நாலு கடை ஏறி இறங்கி, தட்டிவிட்டுப் பார்த்து, படுக்காமல் நிமிர்கிற பொம்மையாக எடுக்க வேண்டும். கடைசி விஷயத்தை மட்டும் அவன் எழுதாமல் குரலில் அனுப்பியிருந்தான்.

"வேலையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத மாலதி. கெஞ்சுறவங்களக் கண்டா அவங்களுக்கு ஆகாது."

மெய்லிங் மேடம் சதீஷ் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையின் முதலாளியம்மா. பட்டறையில் வேலை குறைந்துபோய், இரண்டு வெல்டர்களில் ஒருவருக்குத்தான் அடுத்த மாதம் பெர்மிட் புதுப்பிப்பதாகப் பேச்சு. ஒன்று சதீஷ். இன்னொன்று அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பங்களாதேஷ்காரன் ரஃபீக். கையெழுத்துப் போடுகிறவர் மேடம். அந்த அம்மாள் இந்த நேரம் பார்த்து, "உன் ஊர்க் கோயிலைப் பார்க்க வேண்டும், சிலை ஒன்று வாங்க வேண்டும், உன் மனைவி கூட வரட்டும்" என்று டிக்கெட் போட்டுவிட்டால், ஏழு வருஷமாக அந்தச் சம்பளத்திலேயே ஓடுகிற வீட்டில் ஒருத்திக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

சனிக்கிழமை காலை, தெருக்கோடி கோவிந்தராசு அண்ணனின் காரில் ஊர் காட்டும் படலம் தொடங்கியது. மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய தொப்பி, அதிகம் பேசாத வாய். பேசினாலும் கைபேசியில் பேசுவார். அது மொழிபெயர்த்து, மேடைத் தமிழில் சத்தமாகச் சொல்லும். "இக்கோபுரம் மிகவும் உயரமாக உள்ளது" என்று அது சொன்னபோது கோவிந்தராசு பயபக்தியோடு "ஆமாங்க" என்றார். மாலதிக்குச் சிரிப்பு வரவில்லை. மேடம் முகம் சுளிக்கிறாரா, வியர்க்கிறதா, செருப்பு விடும் இடத்தில் தயங்குகிறாரா என்று பார்ப்பதிலேயே அவளுக்குக் கண் பூத்துவிட்டது. எத்தனையோ தடவை வந்த கோயிலில், அன்று நந்தியைப் பார்த்தோமா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

மத்தியானம் சுவாமிமலைக்குப் போனார்கள். பாபநாசம் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நட்டுப் பச்சை பிடித்த வயல்கள். மேடம் கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கைபேசியை நீட்டினார்.

"உங்களுக்கும் இத்தகைய நிலம் உள்ளதா?" என்றது அது.

"இருக்குங்க," என்றாள் மாலதி.

"சதீஷ் இங்கு திரும்பி வந்தால் அவருக்கு வேலை உள்ளதா?"

இருப்பது மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை மா நிலம், அரை ஏக்கர் தேறும், அதுவும் கடைமடை. பக்கத்து வயலுக்குப் பாய்ந்து மிச்சமிருந்தால்தான் அவர்கள் வாய்க்காலில் தண்ணீர். போன வருஷம் விதை நெல்கூடத் திரும்பவில்லை. சதீஷ் வந்தால் செய்ய இங்கே ஒன்றுமில்லை என்பது அவள் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு பார்த்துக் கண்ட உண்மை. ஆனால் வந்த விருந்தாளியிடம் அதை எந்த வாயால் சொல்வது? பானையில் அரிசி தீர்ந்தால்கூட 'நெறஞ்சிருக்கு' என்று சொல்லிப் பழகிய நாக்கு. போதாததற்கு சதீஷ் போட்ட பூட்டு வேறு.

"அதெல்லாம் நிறைய இருக்குங்க. ஒரு கொறையும் இல்ல," என்று சொல்லிப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

கைபேசி அதை ஆங்கிலத்தில் சொன்னது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மாலதி பார்த்தாள். எதற்காக அந்த நிம்மதி என்பது ஒரு மைல் தள்ளித்தான் அவளுக்கு உறைத்தது. ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான் என்றால், யாரை அனுப்புவது என்ற கேள்வி பாதி தீர்ந்த மாதிரிதானே? தன் வாயாலேயே தன் வீட்டுக்கு மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே. சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது?

சுவாமிமலைச் சிலைப் பட்டறையில் மேடம் ஒரு முழ உயரத்தில் ஒரு சிவகாமியம்மனைத் தேர்ந்தெடுத்தார். பளபளப்பாக இருந்தவற்றை விட்டுவிட்டு, பழசு போலக் கருக்க வைத்ததாகப் பார்த்து எடுத்தார். பட்டறைக்காரர் ராஜராஜன் பில்லும், புதிதாக வார்த்த சிலைதான் என்று எழுதிய சீட்டும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார். "ஏர்போர்ட்ல கேப்பாங்கம்மா, பத்திரம்," என்றார். மாலதி அந்த உறையைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மேடம் ஓட்டலுக்குப் போனார். சிலை மாலதி வீட்டுக்கு வந்தது. ஓட்டல் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மனை வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நல்லபடியாகக் கட்டி எடுத்து வருகிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? அம்மனை வெறுமனே அனுப்பக் கூடாது என்று எண்ணெய் தடவி, பாதத்திலும் பீடத்தின் மேலும் அடியிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சாத்தினாள். ஒரு பிடி பச்சரிசி போட்டுப் பழைய பட்டுத்துணியில் சுற்றினாள். உறைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் அடியில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து அம்மன் கையில் கட்டினாள். "நான் சொன்ன பொய்யை நீதான் தாயே சரிபண்ணணும். அவருக்கு வேலை போகக் கூடாது," என்று வாய்விட்டே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அரண்மனை, கடைத்தெரு, மூன்று தலையாட்டி பொம்மை, இரண்டு பட்டு. மாலை விமானத்துக்கு மேடத்தைத் திருச்சியில் இறக்கிவிட்டு, வெளியே அவளும் கோவிந்தராசுவும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாலதியின் கைபேசி அலறியது.

"சிலையை நிறுத்தி வைத்துள்ளனர். சீட்டு எங்கே?" என்றது மேடத்தின் மேடைத் தமிழ்.

சீட்டு சாமி படத்தின் அடியில், பூட்டிய வீட்டுக்குள், ஒரு மணி நேர தூரத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்தது.

"ஓட்டிக்கிட்டுப் போயி எடுத்தாந்துரவாம்மா?" என்றார் கோவிந்தராசு.

"போய்த் திரும்பறதுக்குள்ள பிளைட்டே போயிரும்ணே!"

சற்று நேரத்தில் ஒரு காவலர் வந்து அவளை ஓரத்திலிருந்த ஒரு சிறு அறைக்கு அழைத்துப் போனார். மேசை மேல் பட்டுத்துணி அவிழ்ந்து, அரிசி சிதறி, அம்மன் எண்ணெய் மினுமினுப்போடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அதிகாரி. அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிலையைத் தொடாமல் கை கட்டி நின்றார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கைபேசி மேசை மேல் இருந்தது.

"நீங்கதான் கட்டிக் குடுத்ததா?" என்றார் அதிகாரி. "பூசையில இருந்த சாமி மாதிரி இருக்கே. எந்தக் கோயில்லேருந்து வந்துச்சு?"

இந்தப் பக்கம் கோயில் சிலை காணாமல் போன கதையெல்லாம் அவளும் கேட்டவள்தான். மேடத்தைச் சிலைத் திருட்டில் மாட்டிவிட்ட குடும்பத்துக்கு எந்த முதலாளி பெர்மிட் போடுவார்?

"சாமி இல்லைங்க சார், நேத்து வாங்குனது. நான்தான் சந்தனம் வச்சேன்." அவசரமாக ராஜராஜனை அழைத்து, கைபேசியை அதிகாரியிடம் கொடுத்தாள்.

"பீடத்துக்கு அடியில எங்க பட்டறை முத்திரையும் இந்த வருசமும் வெட்டியிருக்கு சார். பாருங்க," என்றது ராஜராஜன் குரல்.

அடியில் சந்தனம் அப்பியிருந்தது. அதிகாரி அதைச் சுரண்டத் தயங்கினார். காவலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் மாலதியே அம்மனைப் படுக்க வைத்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தான் அலங்கரித்ததைத் தானே அழிக்க அவளுக்கு அழுகை முட்டியது. சந்தனம் உதிர உதிர எழுத்தும் வருஷமும் தெளிவாகத் தெரிந்தன. அதிகாரி குனிந்து படித்துப் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் அம்மன் கையிலிருந்து மஞ்சள் முடிச்சு கழன்று மேசையில் விழுந்தது.

"அப்ப இது? யாரு வேண்டுதல்?"

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "என்னுதுதாங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு வேல போயிரக் கூடாதுன்னு முடிஞ்சேன். இவங்ககிட்டதான் வேல பாக்குறாரு. இங்க வந்தா ஒரு வழியும் இல்லைங்க. நெலம் ஒண்ணரை மா, தண்ணியே வராது. இவங்க கேட்டப்ப எல்லாம் இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

மேசை மேலிருந்த கைபேசி ஒரு கணம் யோசித்தது. பிறகு அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தது.

மாலதிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மேடம் அவளையே பார்த்தார். கைபேசியை எடுத்து மெதுவாகப் பேசினார்.

"குறை இல்லை என்று கூறினீர்களே?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

அதிகாரி சிலையைக் கொடுத்ததும் மேடம் அதைப் பெட்டியில் வைத்தார். முடிச்சைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனார். அது நல்லதா கெட்டதா என்று தஞ்சாவூர் வரும்வரை கோவிந்தராசுவும் அவளும் பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை சதீஷ் அழைத்தான்.

"மேடம் இன்னும் கையெழுத்துப் போடல மாலதி. 'ஒன் வீட்டுல உள்ள நெலம இப்பத்தான் தெரிஞ்சுச்சு, ரஃபீக் வீட்டையும் பாத்துட்டுத்தான் முடிவு'ன்னுட்டாங்க. அடுத்த வாரம் டாக்கா போறாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "பாவம், அவன் பயந்துபோயி கெடக்கான். 'ஒன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லுப்பா, எங்க கூட்டிட்டுப் போகணும், எப்படிப் பாத்துக்கணும்னு எம் பொண்டாட்டி கேக்குறா'ங்கிறான்."

மாலதி சொன்னாள். வெயிலுக்கு முன்னால் கிளம்பணும், தண்ணி பாட்டில்ல வேணும், காரம் பாதி, கடையில அவசரப்படுத்தக் கூடாது, வாங்குன சாமானுக்குச் சீட்ட அவங்க கையிலேயே குடுத்துரணும்.

"அவ்வளவுதானா?"

அவள் சாமி படத்தைப் பார்த்தாள். அடியில் அந்த உறை அப்படியே இருந்தது. இத்தோடு நிறுத்திவிட்டால் போதும். எங்கோ ஓர் ஊரில், அவளைப் போலவே இரண்டு நாள் தூங்காத ஒருத்தி பல்லைக் காட்டிச் சிரித்து, 'எல்லாம் இருக்குங்க' என்பாள். பெர்மிட் இந்த வீட்டுக்கு வந்துவிடும்.

"இன்னொண்ணு இருக்குங்க," என்றாள். "இங்க வந்தா வேல இருக்கான்னு அவகிட்டயும் கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லுங்க."

"தெரிஞ்சுதான் சொல்றியா மாலதி? இத நான் அவன்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லுங்க. இப்பவே போயி சொல்லிருங்க. சாயங்காலம் கேட்டீங்கன்னா நானே வேணாம்னுருவேன்."