எம்.எல்.ஏ.வுக்குப் போட்ட நாற்காலி

சட்டசபைக்கு நிற்க ஆசை வந்த அன்றே ஜவுளிக்கடைக்காரர் தன் எதிரியின் பலவீனத்தைப் பிடித்துவிட்டார். நடப்பு எம்.எல்.ஏ. எந்த மேடையிலும், எந்தக் கேள்விக்கும் வாய் திறந்தவரில்லை. ஆகவே, கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பேரம் பேசும் பிரம்பு நாற்காலியைத் தூக்கிப் பிரசார வேனில் போட்டார். தொகுதி முழுக்க ஒரே சவால்.

“ஐயா இதுல வந்து உட்காரட்டும். என் கேள்வி ஒண்ணுக்கு, ஒரே ஒண்ணுக்கு, பதில் சொல்லட்டும். அப்பவே இறங்கிடறேன். ஓட்டை அவருக்கே போட்டுடுங்க. இது வியாபாரி வாக்கு!”

ஐயா வரமாட்டார் என்ற தைரியம்தான். கேள்வியைக் கேட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் காதைச் சாய்ப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சரக்கு ஜோராக ஓடியது.

பிறகு சிரிப்பு தாமதமாக வரத் தொடங்கியது. கேள்விக்குப் பின் கூட்டம் சற்று நேரம் எதையோ உன்னிப்பாகக் கேட்டது. கண்கள் அவர்மேல் இல்லை. நாற்காலியின் முதுகுக்கு ஒரு சாண் மேலே, உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில் நின்றன. முன்வரிசை அம்மாள் ஒருத்தி, நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினாள்.

“மாப்ளே, யாரைப் பார்த்துத் தலையாட்டுறாங்க?” என்று மைக் செட்டைக் கவனிக்கும் மைத்துனனிடம் கிசுகிசுத்தார்.

“ஐயா பேசறாரே, அதுக்குத்தான்.”

“எந்த ஐயாடா?”

“விளையாடாதீங்க மாமா. மைக்கை அவர் பக்கமும் கொஞ்சம் திருப்பச் சொல்றாங்க ஜனங்க.”

வீட்டுக்கு வந்தால் மனைவியும் சோற்றைப் போட்டுக்கொண்டே, “ரோடு விஷயத்துல அவர் சொன்னதும் சரிதானேங்க,” என்றாள்.

கடைசிக் கூட்டம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விலையைச் சொன்னபின் வாயைக் கட்டவேண்டும், முதலில் பேசுகிறவன் இறங்கிவிட்டான் என்பது கடைத்தெருக் கணக்கு. அந்த வித்தையில் அவரை அசைத்த ஆள் கிடையாது. “குடிதண்ணிக் குழாய் எங்கேய்யா?” என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டி, நாற்காலியை முறைத்தபடி நின்றார்.

மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. வியர்வை அவர் புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. எதிரே பிரம்புப் பின்னல் மெல்லத் தொய்ந்தது. யாரோ சாவகாசமாகச் சாய்ந்துகொண்டதுபோல் ஒரு முனகல். அவசரமே இல்லாத ஆள்.

“சரிங்கய்யா...” குரல் கடைக்காரருடையதுதான். “நீங்களே ஒண்ணு சொல்லுங்க.”

அவரிடம் தோற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் கடைசியில் சொன்னது அதைத்தான்.

கூட்டம் வெகுநேரம் கேட்டது. பிறகு கைதட்டியது. மைத்துனன் அவர் கையிலிருந்த மைக்கைப் பக்குவமாக வாங்கிக்கொண்டான்.

“வாக்குக் கொடுத்துட்டீங்களே மாமா. பார்த்து இறங்குங்க.”

வேனின் இரும்புப் படியில் இறங்கினார். வழிவிட்டார்களே தவிர, யாரும் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேன் மேடையை அண்ணாந்து பார்த்தபோதுதான் அவருக்கும் கேட்டது. நிதானமான, சற்றே கரகரத்த குரல். குழாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு குறை சொல்வதற்கில்லை.

பக்கத்தில் நின்றவர் தலையாட்டினார். இவரும் ஆட்டினார்.