எனக்கு மட்டும் ஒரு ஜோடி கிளவுஸ்

“உன் கை சுத்தமா இருக்குமா?”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லதா அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெயர், படிப்பு எல்லாம் அதற்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது நீட்டுவதுபோல இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பியும் காட்டினேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. வகுப்பில் எழுந்து நின்றால் குரல் வராமல் போனதால்தான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். கையைக் காட்டச் சொன்னால் சுலபம். பதில் சொல்லத்தான் வராது.

அது போன வருடம். இப்போது என் பகலெல்லாம் கேளம்பாக்கத்தில் அவர்கள் ஃபிளாட்டில்தான் போகிறது. அக்கா சிறுசேரிக்கு வேலைக்குப் போனதும் வீட்டில் நானும் அவர் மகன் ஹரிஹரனும் மட்டும். அவனுக்கு ஏழு வயது. என்னோடு இருந்து இருந்து என் பேச்சு அவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மே மாத லீவில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா அன்று வீட்டிலிருந்தே வேலை. ஹரி, இழுத்து விளையாடுகிற ஸ்லைம் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எதிர் ஃபிளாட் வேதாவும் வந்துவிட்டாள். ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். கிண்ணத்தில் வெள்ளைப் பசையை ஊற்றி, பச்சைக் கலர் நாலு சொட்டு விட்டு, ஆப்பச் சோடா கொஞ்சம் போட்டேன். கடைசியாக, அக்கா கான்டாக்ட் லென்ஸ் கழுவும் தண்ணீர். அதை விட்டதும் பசை கரண்டியைச் சுற்றிக்கொண்டு திரண்டது.

“பூங்கொடிக்கா, சளி மாரி கீது!” என்றான் ஹரி.

“யானை சளி!” என்றாள் வேதா. இருவரும் சிரித்துச் சிரித்துப் பேப்பரில் சாய்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வேதாவின் அம்மா ஸ்ரீதேவி மேடம் வந்தார். எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போலப் பட்டுப் புடவையில் இருந்தார்.

“‘கீது’ங்கிறான்! எங்க கத்துக்கிறான் இதெல்லாம்?” என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். “இனிமே கையாலதானே பிசையணும்? இவளுமா கை விடப்போறா?” அதற்கு மேல் குரலைத் தணித்து இங்கிலீஷில் சொன்னார். ஹைஜீன் என்ற வார்த்தை எனக்குத் தெரியும்.

அக்கா உள்ளே போய், தலைமுடி டை டப்பாவில் வரும் மெல்லிய கிளவுஸைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு ஜோடி.

“இதைப் போட்டுக்கோ பூங்கொடி.”

“பசங்களுக்கு?”

“அவங்களுக்கு எதுக்கு?”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் ஹரியும் வேதாவும் கிண்ணத்துக்குள் கையை விட்டுவிட்டார்கள். சரியாகப் பிசையாத ஸ்லைம் விரலை விடாது. முழங்கை வரை இழுத்துக்கொண்டு, “அக்கா, ஒட்டுது! அக்கா!” என்று கத்தினார்கள்.

“ஒரு நிமிஷம் போட்டுக்கோயேன், என்ன இப்ப?” என்றார் அக்கா.

வகுப்பில்போலக் குரல் வராது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வந்துவிட்டது.

“போட மாட்டேங்க்கா. போடறதுன்னா எல்லாரும் போட்டுக்கணும். எனக்கு மட்டும்னா வேணாம்.”

“பாருடி, பேசக்கூட வருது இவளுக்கு!” என்றார் ஸ்ரீதேவி மேடம்.

“வருது மேடம். நேத்து இந்த வூட்டுல ரெண்டு சப்பாத்தி சாப்ட்டீங்களே, மெத்துமெத்துன்னு இருக்குன்னு வேற சொன்னீங்களே. அந்த மாவு பிசைஞ்ச கைதான் இது. அப்ப இன்னாத்துக்கு கிளவுஸ் கேக்கல?”

ஹரி மட்டும் களுக்கென்று சிரித்தான்.

“லதா, என்ன பேச்சு பேசறா பாரு. நீ கேட்டுக்கிட்டு நிக்கிற!”

அக்கா என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கிளவுஸை என் கையில் நினைத்துப் பார்த்தால் அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“வேலைய வுட்டு நின்னுக்கன்னு சொன்னா நின்னுக்கறேங்க்கா. இத மட்டும் மாட்ட மாட்டேன்.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கிளவுஸை டப்பாவுக்குள் திணித்தார். “யாரு இப்ப உன்னை நிக்கச் சொன்னா?” என்றார், என்னைப் பார்க்காமல்.

உள்ளங்கையில் லென்ஸ் தண்ணீரைத் தடவிக்கொண்டு, வெறுங்கையைக் கிண்ணத்துக்குள் விட்டேன். ஹரியின் கை, வேதாவின் கை, என் கை எல்லாம் ஒரே பச்சைக்குள் கிடந்தன. மடித்து மடித்துப் பிசையப் பிசைய ஒட்டல் விட்டு, பளபளவென்று இழுபட்டது.

“வேதா, எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்.”

“மாட்டேன் போ. இப்பதான் நல்லா வந்துக்கினு கீது!”

மேடம் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கையோடு ஸ்லைமும் எழுந்தது. ஜவ்வாக நீண்டு, பட்டுப் புடவையின் கரைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் ஊசலாடியது. மேடம் சட்டென்று பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வேதா அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மறுபடி கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.