ஈயத்தில் ஒரு விழிப்புக் குழு

வாமதேவன் முதன்முதலாக ஒரு மனிதனின் தலையை அறுத்தது பிரான்சில் திரான்சி என்ற இடத்தில், எமிலின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஈயத்தில் வார்த்த மனிதன்தான். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. என்றாலும் மெல்லிய ரம்பவாள் கழுத்தில் இறங்கியபோது வாமதேவன் கையை நிறுத்தினான். எமில் சிரித்தான்.

லா கூர்னெவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் எமில் அவனுக்கு மேலதிகாரி. எமிலின் தகப்பன் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தன் கிராமத்துக் காவல்படையில் நின்று, தோற்று, மலை தாண்டி பிரான்சுக்கு வந்தவர். அந்தப் படையை ஈயப் பொம்மைகளாகக் கடையில் வாங்க முடியாது. கடையில் இருப்பதெல்லாம் சீருடை போட்ட ஒழுங்கான பட்டாளத்தார். ஆகவே எமில் அவர்களை வாங்கி, தொப்பியைச் சீவி, காலணியைச் செருப்பாக்கி, ஒருவன் தலையை இன்னொருவன் உடம்பில் கம்பி வைத்துப் பொருத்திக் குடியானவர்களாக மாற்றினான். மஞ்சளும் நீலமுமாக இரண்டு களிம்பு. சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும், மறுநாள் கல்லாகிவிடும். அதில் சட்டை மடிப்பும் துணிப்பையும் பிடித்து வைப்பான். பிறகு வர்ணம்.

வாமதேவனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. எமிலிடம் மிஞ்சிய கைகால்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் வாங்கிக்கொண்டு லா ஷப்பல் பகுதியில் இருந்த தன் ஒற்றை அறைக்கு வந்தான். ஸ்பெயினை எமிலே பார்த்துக்கொள்ளட்டும், நான் என் ஊரைச் செய்கிறேன் என்று நினைத்தான்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. போர் நடந்துகொண்டிருந்த அவன் ஊரில் விழிப்புக் குழு என்று ஒன்று அமைத்திருந்தார்கள். இராணுவம் வருகிறதா, கள்ளன் வருகிறானா என்று முறைவைத்து ஒழுங்கைகளில் காவல் நிற்கும் ஆட்கள். வாமதேவனின் தம்பி தவரத்தினம் அதில் இருந்தான். வாசிகசாலைக்கு முன்னால் எல்லோரும் நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். அந்தப் படத்தைச் சுவரில் குத்திவிட்டு வாமதேவன் வேலையைத் தொடங்கினான். காற்சட்டைக்கு மேல் களிம்பைத் தட்டையாக்கிச் சுற்றிச் சாரமாக்கினான். இயந்திரத் துப்பாக்கிகளைப் பிடுங்கிவிட்டுப் தடிப் பொல்லுகளைக் கொடுத்தான். படத்தில் நின்ற பத்திநாதர் வாத்தியாருக்குக் கழுத்தில் விசில். தவரத்தினத்துக்கு மட்டும் ஒரு வேட்டைத் துவக்கு. சாரத்துக் கோடுகளை இழை இழையாகப் போட்டு முடிப்பதற்குள் குளிர்காலம் போய்விட்டது.

மனைவி இந்திராதேவிக்கு மனம் ஒப்பவில்லை. “உயிரோடை இருக்கிற ஆக்களை இப்பிடிச் செய்து வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை,” என்றாள்.

“ஏன், வடிவாத்தானே இருக்கினம்.”

“வடிவில்லை எண்டு ஆர் சொன்னது?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதராசா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அதே ஊர்க்காரன், ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றான். போன வருஷம் அவனுடைய தம்பி சிவமணியைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வெளிநாடு போனவர்களின் வீட்டை உடைத்துச் சாமான் எடுத்தான் என்று எழுதிய மட்டை கழுத்தில் தொங்கியதாம். ஆயுதம் தூக்கிய இயக்கம் செய்தது என்றுதான் வாமதேவன் கேள்விப்பட்டிருந்தான். துக்கம் விசாரிக்கப் போனபோதும் அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சாப்பிட்டுக் கையலம்பி வந்த வரதராசா ஜன்னலோரத்தில் நின்ற உருவங்களைக் குனிந்து பார்த்தான். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னான். துவக்கோடு நின்றவனிடம் வந்ததும் நிறுத்தினான்.

“இது தவமோ?”

“ஓம். மூக்கை வைச்சுக் கண்டுபிடிச்சிட்டீர்.”

“இவர்தான் அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போனவர்.”

வாமதேவனுக்கு முதலில் விளங்கவில்லை. “ஆரை?”

“மணியை. வீட்டை வந்து, சும்மா ஒரு விசாரணை, உடனை வந்திடலாம் எண்டு சொன்னவராம். தெரிஞ்ச பெடியன் எண்டுதான் அம்மா விட்டவ.” வரதராசாவின் குரல் உயரவில்லை. “உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.”

இந்திராதேவி தேத்தண்ணீரோடு வந்தவள் அப்படியே நின்றாள். வரதராசா கோப்பையை வாங்கிக் குடித்தான். போகும்போது வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, “என்ரை தம்பியையும் செய்து தாங்கோ அண்ணை. அவனும் அந்த ஊர்தானே,” என்றான்.

தம்பியிடம் கேட்காமல் வாமதேவனால் இருக்க முடியவில்லை. ஊருக்குப் பக்கத்துப் பட்டினத்தில் தொலைபேசி இருந்த ஒரு மருந்துக் கடைக்கு அவனை வரச்சொல்லி ஆள் மூலம் அறிவித்து, இங்கே தபால்கந்தோரின் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பேசினான். குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல வந்தது. சுகநலம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

தவரத்தினம் சொன்னான்: “இயக்கத்திலை கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டவை. கூட்டிக்கொண்டு போனன். விசாரிச்சிட்டு விடுவம் எண்டுதான் சொன்னவை.”

“நீ பிறகு போய்க் கேக்கேல்லையோ?”

“அண்ணை, உங்கை பிரான்சிலை நிண்டு கேக்கிறது சுகம்.”

பிறகு இருவரும் அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள்.

வாமதேவன் சிவமணியைச் செய்யத் தொடங்கினான். பெட்டிக்குள் இருந்த கைகள் எல்லாம் எதையாவது பிடித்திருந்தன: துப்பாக்கி, கொடி, கயிறு. இரண்டு கைகளை முழங்கையில் அறுத்து, முறுக்கிப் பின்பக்கமாக ஒட்டினான். மணிக்கட்டில் செப்புக் கம்பியைச் சுற்றினான். தலையைக் கொஞ்சம் சரித்து வைத்தான். இந்திராதேவி அந்தப் பக்கமே வரவில்லை. எமிலின் உருவம் செய்வோர் சங்கத்தார் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள், உன் ஆட்களைக் கொண்டுவா என்று அவன் கிட்டங்கியில் கேட்டபோது, இன்னும் ஒருவன் முடியவில்லை என்றான் வாமதேவன்.

வரதராசா வந்து உருவத்தைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, முதுகுப்பக்கத்தைப் பார்த்தான்.

“இப்பிடி வேண்டாம்,” என்றான். “அவிட்டு விடுங்கோ.”

வாமதேவன் உருவத்தைத் திருப்பி வாங்கினான். “நான் நினைச்சன், நீர்…”

“கட்டினபடி அவங்கள் செய்துபோட்டாங்கள். நீங்கள் ஏன் அதைத் திருப்பிச் செய்யிறியள்?”

வாமதேவன் அவன் முன்னாலேயே குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை வெட்டினான். கைகளைப் பிடுங்கினான். ஈயம் மெத்தென்று முறிந்தது. “கையிலை என்ன வைக்கிறது?” என்று கேட்டான். “அண்டைக்கு என்ன செய்துகொண்டிருந்தவன்?”

வரதராசா யோசித்தான். “சாப்பிட்டுக்கொண்டிருந்தவனாம். பாதியிலை எழும்பினவன். கை கழுவவும் விடேல்லையாம். வந்து கழுவலாம் எண்டு சொன்னவராம் உங்கடை தம்பி.”

அந்தக் கையைச் செய்வதுதான் வாமதேவன் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது. குவிந்தும் குவியாமலும், உடுப்பில் படாமல் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்த வலது கை. விரல்களைக் களிம்பில் உருட்டி, ஊசியால் பிரித்தான். நுனிகளில் குழம்பின் மஞ்சளை ஒரு தொடுகை. பல தடவை அழித்து அழித்துப் போட்டான். முடிந்ததும் தானே அதைப் பார்க்கமுடியாமல் கடதாசியால் மூடி வைத்தான்.

வரதராசா அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பிறகு ஜன்னலோரத்தைக் காட்டி, “அவரையும் தாங்கோ,” என்றான்.

“தவத்தையோ?”

“ஓம்.”

எதற்கு என்று வாமதேவன் கேட்டிருக்கலாம். தம்பியை எடுத்து, தாளில் சுற்றி, வரதராசாவின் உள்ளங்கையில் வைத்தான். படிகளில் அவன் இறங்கிப்போகும் சத்தம் ஓய்ந்ததும் இந்திராதேவி சொன்னாள்: “கேட்ட உடனை எடுத்துக் குடுத்திட்டியள்.”

“வேறை என்ன செய்யிறது?”

“அதைத்தானே அவரும் போனிலை சொன்னவர், உங்கடை தம்பி.”

வாமதேவன் கண்காட்சிக்குப் போகவில்லை. எமில் காரணம் கேட்டதற்கு, வேலை முடியவில்லை என்றான். எமில் வற்புறுத்தவில்லை. அவன் தகப்பனும் சில விஷயங்களைக் கேட்டால் எழுந்து போய்விடுவாராம், அதை மட்டும் சொன்னான்.

ரூ காய்ப் பக்கம் போகாமல் எத்தனை நாள் இருக்கமுடியும்? அரிசியும் மிளகாய்த்தூளும் அங்கேதான் வாங்கவேண்டும். கடைக்குள் வரதராசா முருங்கைக்காயை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தான். வாமதேவன் நகராமல் நின்றான்.

“அதுகளை என்ன செய்தனீர்?”

“மேசையிலை எதிரெதிரா வைச்சிருக்கிறன்,” என்றான் வரதராசா. “இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலை ஒரு வாங்கிலை இருந்து படிச்சவங்கள். வேலையாலை வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பன். என்ரை தம்பியைப் பார்த்தா அவனேதான். அந்தக் கையைப் பார்க்கேக்கை எனக்கு அழுகை வருது. ஆனா உங்கடை தம்பியின்ரை முகத்திலை ஒண்டும் இல்லை அண்ணை. கண், மூக்கு எல்லாம் சரி. எவ்வளவு பார்த்தும் ஒண்டும் இல்லை.”

“திருப்பித் தாரும். சரிப்படுத்திப் பார்க்கிறன்.”

“என்னத்தை வைச்சுச் சரிப்படுத்துவியள்?”

பின்னால் ஒரு பெண் புளி கேட்டுக்கொண்டு நின்றாள். வரதராசா அவளிடம் திரும்பினான். வாமதேவன் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். மழை தூறியது. வடக்கு ரயில் நிலையத்துப் பக்கமிருந்து ஆட்கள் தலையைக் குனிந்தபடி கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நடந்தான்.