நாலு அங்குல வலை

கையைச் சும்மா வைக்காதீர்கள், மூன்று மாதம் தாண்டினால் இப்படியே இறுகிவிடும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் பஸ் மெக்கானிக். இருபத்தாறு வருடம் இரும்பைத் திருகிய வலது கை, பக்கவாதம் வந்ததிலிருந்து பாதி மடங்கியே கிடந்தது. எதையாவது பிடித்தால் பிடித்ததுதான், விடத் தெரியாது. டம்ளரைக் கொடுத்தால் நான்தான் விரல் விரலாகப் பிரித்து வாங்க வேண்டும். பயிற்சிக்கு ரப்பர் பந்தைக் கொடுத்தாலோ, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இடது கையால் அவரே கொல்லையில் வெள்ளரி விதை ஊன்றியிருந்தார். அது முளைத்து, பற்ற இடமில்லாமல் கொடியோடு கொடி பின்னிக்கொண்டு தரையில் புரண்டது. "ஒரு வலை வாங்கிட்டு வந்து கட்டு" என்றார். எனக்கு அந்த நிமிஷமே ஆசை பிடித்துக்கொண்டது. காய் பறிக்க வலைக்குள் கையை விடத்தானே வேண்டும்? பயிற்சி என்றால் முறைப்பார், வெள்ளரிக்காய் என்றால் மறுக்க மாட்டார்.

நான் தையல்காரி. அளவெடுக்காமல் எதையும் வாங்க எனக்கு மனசு வராது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது டேப்பை மெதுவாக அந்தக் கையைச் சுற்றி ஓட்டினேன். பன்னிரண்டு அங்குலம். லூஸ் இரண்டு. வலைக் கண்ணின் நாலு பக்கத்துக்கு வகுத்தால் மூன்றரை.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பறவைகளைத் தடுக்கக் கட்டும் மெல்லிய வலை. விரல்கூட நுழையாது. அடுத்தது விறைப்பான பிளாஸ்டிக், வெட்டிய முனையெல்லாம் முள்ளாகக் குத்தியது. அவருக்கு உணர்ச்சி குறைந்த தோல், கிழித்தால் தெரியக்கூடச் செய்யாது. நான் வலை வலையாகக் கையை விட்டு விட்டு எடுத்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"வெள்ளரி எதுல வேணா ஏறும்கா. அது என்ன, பாத்துப் பாத்தா ஏறப்போகுது?"

"கொடி ஏறுறது இருக்கட்டும். கை போகணும்."

"நீங்க வலை வாங்க வந்தீங்களா, வளையல் வாங்க வந்தீங்களா?"

அவர் கிண்டலை நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பருமனான நூலில் பின்னிய நாலு அங்குலக் கண்ணுள்ள வலையை வாங்கி வந்தேன். கொல்லையில் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இழுத்துக் கட்டு, தொங்குனா பாரம் தாங்காது" என்று அதிகாரம் செய்தார்.

அதன்பிறகு ஒரு மாதம் நான் மனுஷியாக இல்லை. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நாலு தையலுக்கு ஒரு தரம் மிஷினை விட்டுக் கொல்லைக்கு ஓடினேன். ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். பூ வந்தது, பிஞ்சு வந்தது, காய் முற்றியபோது அந்தப் பயிற்சிப் பெண் சொன்ன மூன்று மாதத்தில் ஐந்தே நாள் மிச்சம்.

"வலைக்கு அந்தப் பக்கம் தொங்குது. எனக்கு எட்டல, நீங்க பறிங்க" என்றேன். சுத்தப் பொய்.

அவர் வலது கையை வலைக்குள் விட்டார். அளவு கச்சிதம். காய் விரலுக்குள் அடங்கியது, இழுத்ததும் காம்பு முறிந்தது. ஆனால் கை திரும்பி வரவில்லை. முஷ்டிக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருந்த காய் வலையில் குறுக்கே முட்டியது. கையைத் திருப்பவும் அவரால் முடியவில்லை. சட்டைக் கைக்குள் யாரும் வெள்ளரிக்காயோடு கையை விடுவதில்லை. பெரிதாக அளவெடுத்தேனே, எனக்கு அது தோன்றவே இல்லை.

நூல் மணிக்கட்டில் பதிந்தது. ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"வெட்டாத."

"குரங்குப் பிடியாப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படிங்க?"

"நானா பிடிச்சிருக்கேன்? இந்தக் கைதான் விடமாட்டேங்குது."

பக்கத்துக் கண் வழியாகக் கையை விட்டு அவர் விரலைப் பிரிக்கப் போனேன்.

"தொடாத. அன்னைக்கு நான் தூங்கல. நீ டேப்பு சுத்துனதை அரைக்கண்ணால பாத்தேன். அவ்வளவு ஆசையா அளந்தியே, கொஞ்சம் பொறு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. பார்க்கச் சகிக்காமல் நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

கட்டைவிரல்தான் முதலில் அசைந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சுண்டுவிரல், அதற்கு அடுத்தது. காய் நழுவி அந்தப் பக்கம் மண்ணில் விழுந்தது.

கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. நான் அதைத் தேய்த்துவிடக் கையை நீட்டினேன்.

"இரு, மேல இன்னொண்ணு இருக்கு" என்று சொல்லி, மறுபடியும் அதே கையை உள்ளே விட்டார்.